பனிக்குச் செடியை எதால் மூடுவது? கந்தப்பளை வீட்டுத் தோட்டத்தில் பல வருடப் பாவனை

வெள்ளை நெய்யாத் துணி (நெய்யாமல் இழைகளை ஒட்டிச் செய்த லேசான துணி), பொலித்தீன், சணல் சாக்கு, பழைய பருத்திச் சேலை, பச்சை நிழல் வலை. நுவரெலியாவுக்கு அருகே கந்தப்பளைப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் உறைபனியிலிருந்து செடிகளைக் காக்க இவை எல்லாவற்றையும் பல வருடமாகப் பாவித்து வருகிறேன். உருளைக்கிழங்குக்கும் போஞ்சிக்கும் வெள்ளைத் துணிதான் முதலிடம். அது வாங்க வசதியில்லை என்றால் பழைய சேலை. பொலித்தீனைச் செடிமேல் நேராகப் போடவே வேண்டாம்.

மூடுதுணி செடிக்குச் சூடு கொடுப்பதில்லை. பகலில் மண் வாங்கிய சூட்டைத் தப்பவிடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்தபின் மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில் அந்தச் சூடு அப்படியே வானத்துக்குப் போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மேட்டுப் போஞ்சி பச்சையாக நிற்க, ஓடையோரப் போஞ்சி மட்டும் கருகுவது இதனால்தான். போனில் 4 பாகை காட்டும் விடியலிலும் புல் வெள்ளையாக உறைந்திருக்கும். வானிலை நிலையத்து வெப்பமானி தரைக்கு ஒரு மீற்றருக்கு மேலே இருக்கிறது, உறைவதோ தரையோடு. ஆகவே வளிமண்டலவியல் திணைக்கள அறிக்கையில் நுவரெலியாவுக்குத் 'துகள் உறைபனி', அதாவது தரையோடு படியும் உறைபனி, என்று வந்தால் பாகைக் கணக்குப் பார்க்காமல் அன்று மாலையே மூடிவிடுவேன்.

துணியின் ஓரம் நான்கு பக்கமும் மண்ணைத் தொட வேண்டும். செடியின் தலையில் போர்த்தித் தண்டோடு சேர்த்துக் கட்டினால் மண் சூடு உள்ளே வராது. மதியமே பாத்தியை நனைத்துவிடுங்கள். ஈர மண் காய்ந்த மண்ணைவிட அதிகச் சூட்டைச் சேர்த்து வைக்கும்.

பொலித்தீனை நான் ஒதுக்கக் காரணம் உண்டு. மண்ணிலிருந்து கிளம்பும் வெப்பக்கதிரை அது பெரும்பாலும் வெளியே விட்டுவிடும். உள்பக்கம் நீர் முத்துமுத்தாகக் கோர்த்து நிற்கும். இலை எந்த இடத்தில் அதில் ஒட்டியதோ அந்த இடம் மட்டும் காலையில் கறுத்துத் தொங்கும், அவித்த கீரை மாதிரி. வெயில் ஏறியபின் எடுக்க மறந்தால் உள்ளே புழுங்கியே செடி செத்துவிடும். மூங்கில் வளைவு கட்டி, இலையில் படாமல் இழுத்துப் போட்டால் பரவாயில்லை.

வெள்ளைத் துணி பாரமில்லை, வெளிச்சமும் மழையும் உள்ளே போகும், மேகமூட்டமான நாளில் அப்படியே விட்டுவிடலாம். குறை என்றால் கிழிவதுதான். துணியைத் தாங்க நட்ட கம்பியின் முனை பட்ட இடத்தில் ஆரம்பித்து நீளத்துக்குப் போய்விடும். பழைய தண்ணீர்க் குழாயைத் துண்டு துண்டாக வெட்டி முனைகளில் செருகிய பிறகு எங்களுடையது நன்றாக உழைக்கிறது. பருவம் முடிந்ததும் காயவைத்து எலி எட்டாத இடத்தில் சுருட்டி வையுங்கள்.

சேலை பனியை நன்றாகத் தாங்கும், ஆனால் ஈரம் குடித்துப் பாரமாகிச் சலாதை மண்ணோடு அமுக்கிவிடும். கீழே வளைவு கட்டாயம், தினமும் வெயிலில் காயப்போடவும் வேண்டும். சாக்கு, சுவரோரப் பிகோனியாத் தொட்டிகளுக்கு நல்லது. நிழல் வலை இரண்டு மடிப்பாகப் போட்டால் லேசான பனிக்குத் தாங்கும், கடும் பனிக்கு நம்ப முடியாது.

மூடாத செடியில் பனி படிந்துவிட்டால் வெயில் படுவதற்கு முன்பே தண்ணீர் தெளித்துக் கரைக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா, "தண்ணி ஊத்துனா இன்னும் ஒறைஞ்சு போகாதா தம்பி?" என்று கேட்டார். கொஞ்சமாகத் தெளித்து நிறுத்தினால் அவர் சொன்னதுதான் நடக்கும். குழாய்த் தண்ணீர் பனியைவிடச் சூடானது. வெள்ளை முழுதும் கரையும் வரை விடாமல் தெளித்தால் இலை மெதுவாக இளகும். உறைந்த இலையில் திடீரென்று வெயில் அடிப்பது சேதத்தைக் கூட்டும்.

லீக்ஸ், கரட், கோவாவுக்குத் துணியை வீணாக்காதீர்கள், எங்கள் பக்கத்துப் பனியை அவை தாங்கும். கருகிய ஜெரேனியம், ஹைட்ரேஞ்சியாக் கிளைகளை உடனே வெட்டவும் வேண்டாம். வெட்டினால் வரும் இளந்தளிர் அடுத்த பனியில் போய்விடும். காய்ந்த நுனி கீழுள்ள மொட்டுக்குக் கொஞ்சம் மறைப்பாக இருக்கட்டும். நாங்கள் மார்ச்சில்தான் கத்தரிக்கோலை எடுக்கிறோம்.