கேட்வே மாட்யூல் வாங்கப்போகும் மில்காரர்கள் ஒரு நிமிஷம் படியுங்கள். எங்களுக்கு ₹1,44,000 போச்சு

வயிறு எரியுது. அந்தச் சூட்டிலேயே எழுதுகிறேன். பல்லடம் பக்கம் அண்ணனும் நானும் சின்ன ஸ்பின்னிங் மில் நடத்துகிறோம். கேட்வே மாட்யூல் என்றால் ஒரு கருவி பேசும் பாஷையை இன்னொரு கருவிக்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொல்லும் சின்னப் பெட்டி. ₹24,000 வீதம் ஆறு வாங்கினோம். மொத்தம் ₹1,44,000, ஜிஎஸ்டி தனி. ஆறும் இன்றைக்கு ஸ்டோர் ரூமில் சும்மா கிடக்கின்றன.

வாங்கினது கரண்ட் பில்லுக்காக. நூல் விற்கும் விலையில் இன்றைக்கு மில்காரனுக்கு மிஞ்சுவதே கொஞ்சம். ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் போகிறது என்று டிபார்ட்மென்ட் வாரியாகத் தெரிந்தால்தான் எதையாவது பிடித்து நிறுத்த முடியும். ப்ளோ ரூம், கார்டிங், ஸ்பின்னிங், ஆட்டோகோனர், ஹ்யூமிடிஃபிகேஷன், கம்ப்ரஸர் ரூம் என்று இடத்துக்கு ஒரு மாட்யூல். எங்கள் எல்லா எனர்ஜி மீட்டரும், மோட்டார் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டரும் ஆர்எஸ்-485 என்ற இரட்டை வயரில் மோட்பஸ் ஆர்டியூ என்ற பாஷை பேசுபவை. மோட்பஸ் 1979-இல் வந்த முறை, இன்னும் பெரும்பாலான மீட்டரில் அதுதான். எங்கள் பேனலில் இருக்கும் பிஎல்சி, அதாவது மெஷின்களைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், ப்ரொஃபிநெட் என்ற வேறு பாஷைக்கு அமைத்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்து மாற்றிச் சொல்ல ஒரு பெட்டி வேண்டும், அவ்வளவுதான் கேட்டோம்.

தொழில்துறைச் சாமான் விற்கும் ஒரு ஆன்லைன் சந்தையில்தான் பார்த்தோம். தலைப்பிலேயே ப்ரொஃபிநெட் கேட்வே என்று போட்டிருந்தது. டீலர் கோயம்புத்தூரிலேயே இருக்கிறார் என்றதும் மனசு இன்னும் இறங்கிவிட்டது. நேரில் போனோம். காபி வந்தது. அவருடைய அப்பாவும் மில்லில் வேலை பார்த்தவராம், அதைச் சொல்லிச் சொல்லிப் பேசினார். ப்ரொஃபிநெட் நிச்சயமாக இருக்கிறதா என்று அண்ணன் திரும்பத் திரும்பக் கேட்டார். "ஏனுங் தம்பி, நம்மூருக்காரங்களுக்குள்ள பொய் சொல்லுவனுங்களா?" என்று சொல்லிவிட்டு, மேஜை மேல் ஒரு மாட்யூலை எடுத்து வைத்து, லேப்டாப்பில் கேபிளைச் செருகிக் காட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. பிங் கொடுத்தார், அதாவது லேப்டாப்பிலிருந்து இருக்கிறாயா என்று பெட்டியைக் கேட்டார், பதில் வந்தது. "பச்ச எரியுதுங்களா? அப்புறம் என்னங், கண்ண மூடிட்டு எடுங்க." அந்த இடத்தில்தான் முழுப் பணத்தையும் கொடுத்தோம்.

அந்தப் பச்சை விளக்குக்கு என்ன அர்த்தம் என்று இப்போது சொல்கிறேன். கேபிள் மாட்டியிருக்கிறது, எதிர்முனையில் ஏதோ ஒரு கருவி இருக்கிறது, அவ்வளவுதான். பிங்குக்குப் பதில் வருவதற்கு ஐபி முகவரி இருந்தால் போதும். மோட்பஸையே நெட்வொர்க் கேபிளில் அனுப்பும் முறைக்கு மோட்பஸ் டிசிபி என்று பெயர். ப்ரொஃபிநெட்டுக்கும் அதற்கும் ஒரே சாக்கெட், ஒரே கேபிள். ஆனால் ப்ரொஃபிநெட்டில் பிஎல்சி தன் கருவியைப் பெயர் வைத்துத் தேடும், அந்தக் கருவியின் விவரம் சொல்லும் ஜிஎஸ்டிஎம்எல் ஃபைல் வேண்டும், டேட்டா சீரான இடைவெளியில் தானாக வந்துகொண்டிருக்கும். மோட்பஸ் டிசிபியில் 502 போர்ட்டில் கேட்டால்தான் பதில் வரும். இது தெரிந்த ஆள் பச்சை விளக்கைக் காட்டி ப்ரொஃபிநெட் என்று விற்றால் அது ஏமாற்று வேலை. வேறு பெயர் கிடையாது.

மில்லில் மாட்டினோம். பிஎல்சியிலிருந்து அந்தப் பெட்டிக்குப் பெயர் வைக்கவே முடியவில்லை, தொடர்பு இல்லை என்று காட்டும் பஸ் ஃபால்ட் விளக்கு சிவப்பிலேயே நின்றது. டீலர் மெயிலில் அனுப்பிய ஜிஎஸ்டிஎம்எல் ஃபைலை நோட்பேடில் திறந்தால், உள்ளே தயாரிப்பாளர் பெயரும் மாடலும் சம்பந்தமே இல்லாத வேறு ஒரு கம்பெனியுடையது. ப்ரோகிராமர் தம்பி வந்து பார்த்தார். அதில் திறந்திருப்பது மோட்பஸ் டிசிபியின் 502 போர்ட் மட்டும்தான் என்று காட்டினார். அவருக்கு விசிட் காசு வேறு. லேபிளில் ஐசோலேட்டட் என்று அச்சடித்திருந்தது, அதாவது பவர் பக்கமும் மீட்டர் வயர் பக்கமும் உள்ளே ஒட்டாமல் தனித்தனியாக இருக்க வேண்டும். மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் வைத்து 24 வோல்ட் மைனஸையும் ஆர்எஸ்-485 கிரவுண்டையும் தொட்டால் பீப் அடிக்கிறது! இன்வெர்ட்டர்களுக்கு நடுவே இந்தப் பெட்டியை வைத்து, ஒரு நாள் கிரவுண்ட் வழியாக ஏதாவது ஏறி பிஎல்சி போயிருந்தால்? நினைக்கவே பதறுகிறது.

அப்புறம் அலைக்கழிப்பு ஆரம்பித்தது. முதலில் எங்கள் கேபிள் சரியில்லையாம், டெர்மினேஷன், அதாவது வயர் முனையில் வைக்கும் ரெசிஸ்டர், போடவில்லையாம். இரண்டு முனையிலும் 120 ஓம் போட்டிருப்பதை போட்டோ எடுத்து அனுப்பினேன். பிறகு, "பிஎல்சியில மோட்பஸ் டிசிபி ப்ளாக் போட்டு எழுதிக்கோங்க, வேல செய்யும்" என்றார். ஆறு பெட்டிக்கும் ப்ரோகிராம் எழுதும் காசை யார் கொடுப்பது? நான் காசு கொடுத்தது ப்ரொஃபிநெட்டுக்கு. அதற்கப்புறம் "கம்பெனி டெக்னிக்கல் டீம் கூப்புடுவாங்க" என்பதோடு சரி. யாரும் கூப்பிடவில்லை. எங்களைத் தம்பி தம்பி என்று கூப்பிட்டவர் இப்போது போனையே எடுப்பதில்லை.

ஆன்லைன் சந்தையில் புகார் போட்டால், பெட்டியைத் திறந்துவிட்டீர்கள், ரிட்டர்ன் கிடையாது, டீலரிடம் பேசுங்கள் என்கிறார்கள். திறக்காமல் எப்படி ஐயா மாட்டிப் பார்ப்பது? இன்னொன்று சொல்கிறேன், கேளுங்கள். அந்தப் பக்கத்தில் இப்போது ப்ரொஃபிநெட் என்ற வார்த்தையே இல்லை, ஈதர்நெட் கேட்வே என்று மாற்றிவிட்டார்கள்! அண்ணன் பழைய பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறார். வாட்ஸ்அப்பில் வந்த கொட்டேஷனிலும் ப்ரொஃபிநெட் என்று இருக்கிறது. பில்லில் மட்டும் வெறும் கம்யூனிகேஷன் மாட்யூல் என்று அடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்றால் அங்கேயும் முட்டுக்கட்டை. வியாபாரத்துக்காகப் பொருள் வாங்குபவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோர் என்று எடுத்துக்கொள்வதில்லை. சுயதொழில் செய்து பிழைப்பவருக்கு விலக்கு உண்டு, ஆட்கள் வைத்து மில் ஓட்டும் எங்களுக்கு அது பொருந்துமா என்று வக்கீலிடம்தான் கேட்க வேண்டும். ₹1,44,000 எங்களுக்குச் சின்னப் பணம் இல்லை. அது நூல் விற்று வந்த பணம்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது கை ஓடவில்லை. அவசரத்துக்கு இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் பிஎல்சியையும் ஒரு மீட்டரையும் கடைக்கே கொண்டுபோய், மீட்டரில் தெரியும் வோல்டேஜ் பிஎல்சிக்குள் வந்து விழுவதைப் பார்த்த பிறகு காசு கொடுங்கள். ஜிஎஸ்டிஎம்எல் ஃபைலை வாங்குவதற்கு முன்பே கேட்டு வாங்கித் திறந்து பாருங்கள், பெட்டியில் இருக்கும் பெயரும் அதில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ப்ரொஃபிநெட் சான்றிதழ் நகல் கேளுங்கள். பில்லில் புரோட்டோகால் பெயரை எழுதச் சொல்லுங்கள், எழுத மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். முதலில் ஒன்றே ஒன்று வாங்குங்கள். கையோடு மல்டிமீட்டர் எடுத்துப் போங்கள்.