டயரா, ஜாக்கியா, இயந்திரமா? அலைன்மென்டுக்கு முன் எதை நம்புவது

டயர் ஒருபக்கமாகத் தேய்ந்தால் பெரும்பாலோர் வண்டியை நேராக அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணங்களை அளந்து திருத்தும் வேலை) மேடையில் ஏற்றிவிடுகிறார்கள். திரையில் சிவப்பாக இருந்த எண்கள் பச்சைக்கு மாறும், கையில் ஓர் அச்சுத்தாள் கிடைக்கும். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் புது டயரும் அதே இடத்தில் மழுங்கத் தொடங்கும். பழி அலைன்மென்ட் செய்தவர் தலையில் விழும். பல சமயங்களில் அவர் சரியாகத்தான் அளந்திருப்பார். அளந்தது மூட்டுகள் தளர்ந்து ஆடிக்கொண்டிருந்த வண்டியை.

காரணத்தைத் தேடுவதற்கு நான்கு வழிகள் இருக்கின்றன: டயரைப் பார்ப்பது, ஓட்டிப் பார்ப்பது, ஜாக்கியில் தூக்கி ஆட்டிப் பார்ப்பது, அலைன்மென்ட் இயந்திரத்தில் அளப்பது. எனக்கு இவை சமமானவை அல்ல.

டயர் என்ன சொல்லும்?

செலவே இல்லாத சோதனை இது. இரண்டு ஓரமும் தேய்ந்து நடுப்பகுதி தடித்திருந்தால் காற்று குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இவ்விரண்டுக்கும் சஸ்பென்ஷனைத் தொட வேண்டியதே இல்லை. ஒரே ஓரம் வழுவழுப்பாகிவிட்டால் சந்தேகம் கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளோ வெளியோ சாய்ந்திருக்கும் கோணம்) மீதும் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் கோணம்) மீதும் போகும். உள் ஓரம் வெளியிலிருந்து தெரியாது. ஸ்டியரிங்கை முழுவதும் ஒரு பக்கம் திருப்பிவைத்துக் குனிந்து பார்க்க வேண்டும். வெளிப்பக்கம் புதிதுபோல் இருக்கும்போதே உள் ஓரத்தில் கம்பி தெரியும் டயர்கள் உண்டு.

கண்ணைவிடக் கை நுட்பமானது. டயரின் வெளி ஓரத்திலிருந்து உள் ஓரத்துக்கு உள்ளங்கையை இழுத்துப் பாருங்கள், பிறகு திரும்ப வெளியே இழுங்கள். உள்ளே போகும்போது வழுக்கி, வெளியே வரும்போது ரம்பப் பல்போல் கீறினால் டோ உள்பக்கம் அதிகம். நேர்மாறாக இருந்தால் வெளிப்பக்கம் அதிகம். இந்தக் கோணம் சின்னதுதானே என்று எண்ண வேண்டாம். ஒரு சக்கரம் ஓடும் திசைக்கு 0.1 பாகை விலகி நின்றாலே, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அது சுமார் 1.75 மீட்டர் பக்கவாட்டில் உரசப்படுகிறது.

டயரைச் சுற்றிலும் மேடும் பள்ளமுமாக, கரண்டியால் வழித்தெடுத்ததுபோல் தேய்ந்திருந்தால் முதலில் ஷாக் அப்சார்பரை (ஸ்பிரிங்கின் குதிப்பை அடக்கும் எண்ணெய் உருளை) பாருங்கள். அடுத்து பேலன்ஸிங் (சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருப்பது), பேரிங் (சக்கரம் சுழலத் தாங்கும் பாகம்). இந்தத் தேய்மானத்துக்கு அலைன்மென்டில் தீர்வு தேடுவது வீண்.

டயரின் குறை, அது பழைய கதையைச் சொல்வதுதான். ஆறு மாதம் முன்பே சரிசெய்த பழுதின் தடமும் அதில் அப்படியே இருக்கும். முன்னும் பின்னும் டயர்களை மாற்றிப் போட்டிருந்தால், பின்சக்கரத்தின் குற்றத்துக்கு முன்சக்கரம் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும்.

ஓட்டிப் பார்த்தால்

வண்டி ஒருபக்கம் இழுக்கிறது என்றால் காற்றழுத்தத்தைச் சரிபார்த்த பிறகு முன்டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள் (ஒரே திசையில் சுழல வேண்டிய டயர்களுக்கு இது பொருந்தாது). இழுப்பும் பக்கம் மாறினால் குறை டயரில். பிரேக் பிடிக்கும்போது மட்டும் இழுத்தால் பிரேக் காலிப்பரையும் (டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) லோயர் ஆர்ம் புஷ்ஷையும் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் தாங்கும் கையைச் சட்டத்தோடு இணைக்கும் ரப்பர்) பார்க்க வேண்டும். வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் நடுங்குவது பெரும்பாலும் பேலன்ஸிங் கோளாறு. சிறு பள்ளங்களில் கேட்கும் 'டக் டக்' சத்தம் பலரை அச்சுறுத்துகிறது. அது ஸ்டெபிலைசர் லிங்க் (திருப்பத்தில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியின் இணைப்பு) என்றால் எரிச்சல்தான் தருமே தவிர டயரைத் தின்னாது. டயரைத் தின்னும் பழுதுகள் பல நேரம் சத்தமே போடுவதில்லை.

பானெட் ஓரத்தை அழுத்திவிட்டு எத்தனை முறை குதிக்கிறது என்று எண்ணும் பழைய சோதனைக்கு நான் அதிக மதிப்பெண் தரமாட்டேன். முற்றிலும் செத்துப்போன ஷாக் அப்சார்பரை அது காட்டிக்கொடுக்கும். பாதி சோர்ந்ததைத் தவறவிடும். ஷாக் அப்சார்பரின் உடம்பில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பு, வழிந்து சொட்டினால் மாற்ற வேண்டும்.

ஜாக்கியில் தூக்கியபின்

என் ஓட்டு இதற்குத்தான். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட் (லோயர் ஆர்மைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டு). எது என்று அறிய, ஒருவரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்ட வேண்டும். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட். பிரேக் டிஸ்க்கைக் கவ்விக்கொள்வதால் பேரிங்கின் தளர்வு மறைந்துவிடுகிறது, அவ்வளவுதான் சூத்திரம். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது அசைந்தால் டை ராட் எண்டும் (ஸ்டியரிங்கின் திருப்பலைச் சக்கரத்துக்குக் கடத்தும் தண்டின் முனை மூட்டு) அந்தத் தண்டை இடவலமாகத் தள்ளும் ஸ்டியரிங் ராக்கும் சந்தேகத்துக்குள் வரும்.

எங்கே ஜாக்கி வைக்கிறோம் என்பதும் முடிவை மாற்றும். ஸ்பிரிங் ஷாக் அப்சார்பரைச் சுற்றியே இருக்கும் மக்ஃபர்சன் அமைப்பில் உடல்பகுதியில் ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைத் தொங்கவிட வேண்டும். ஸ்பிரிங் லோயர் ஆர்ம் மேல் உட்கார்ந்திருந்தால் ஆர்முக்கு அடியிலேயே கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பிரிங்கின் விசை பால் ஜாயின்டை இறுக்கிப் பிடித்து அதன் தளர்வை ஒளித்துவிடும். வண்டிக்கு அடியில் தலையை நுழைப்பதற்கு முன் ஸ்டாண்டு வைத்தாக வேண்டும், ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது.

கைக்கு அகப்படாத ஒன்று லோயர் ஆர்மின் பின்புஷ். நெம்புகம்பியை ஆர்முக்கும் சட்டத்துக்கும் இடையில் கொடுத்து நெம்பினால்தான் ரப்பர் பிளந்திருப்பது வாய் திறந்து தெரியும். நின்ற நிலையில் ரப்பர் தன் இடத்தில் சமர்த்தாக இருக்கும். பிரேக் பிடித்தால் சக்கரம் பின்னுக்கு நகரும், டோ மாறும். இயந்திரம் பார்க்கும் நேரத்தில் இது நடப்பதே இல்லை.

இயந்திரம் எப்போது உதவும்?

மேலே சொன்னவற்றில் ஆட்டம் எதுவும் இல்லை என்று உறுதியான பிறகு. அப்போது அதற்கு இணை கிடையாது. பின்சக்கரங்களின் டோ கோணலாகி ஸ்டியரிங் மையம் தவறி நிற்பதைக் கையால் கண்டுபிடிக்க முடியாது. கேம்பருடன் ஸ்டியரிங் அச்சின் (முன்சக்கரம் இடவலம் திரும்பும் அச்சு) சாய்வையும் கூட்டிப் பார்த்தால், நக்கிளோ (சக்கரம் பொருந்தும் இரும்புப் பாகம்) ஸ்ட்ரட்டோ (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) வளைந்திருக்கிறதா, அல்லது அவை பொருந்தியிருக்கும் இடமே நகர்ந்துவிட்டதா என்றும் பிரித்துச் சொல்லிவிடும். பல கார்களில் முன்புறம் டோவை மட்டுமே திருத்த முடியும். கேம்பர் சிவப்பாகவே நின்றால் அதைத் திருகிச் சரிசெய்ய வழியில்லை, வளைந்த பாகத்தைத்தான் தேட வேண்டும்.

இயந்திரத்தையே ஆட்டம் கண்டுபிடிக்கவும் வைக்கலாம். எண்கள் திரையில் இருக்கும்போது சக்கரத்தைப் பக்கவாட்டில் அழுத்திவிட்டுக் கையை எடுக்கச் சொல்லுங்கள். டோ பழைய எண்ணுக்குத் திரும்பாவிட்டால் அன்றைக்கு அலைன்மென்ட் செய்யவே வேண்டாம்.

லோயர் ஆர்ம், டை ராட், ஸ்ட்ரட் மாற்றினால் மறுபடி அலைன்மென்ட் தேவை. ஸ்டெபிலைசர் லிங்குக்குத் தேவையில்லை. புது லோயர் ஆர்ம் போடும்போது, வேறு குறிப்பு இல்லாவிட்டால், புஷ் போல்ட்டைக் கடைசி முறுக்கு முறுக்குவது வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான். தொங்கிய நிலையில் இறுக்கினால் தரையில் இறங்கியதுமே ரப்பர் முறுகி நின்று, சீக்கிரமே கிழியும்.