ஹான்ஸ் கழுத்துப் பாதுகாப்புக் கருவி: விபத்துக்குப் பின் வாங்கியது

கட்டுக்குருந்தை கார்ப் பந்தயத் தடத்தில் ஒரு பயிற்சி நாளன்று தடுப்பில் மோதிக் காறை எலும்பை முறித்துக்கொண்ட நான், பதினான்கு மாதங்கள் கழித்து மீண்டும் ஓட்டத் தீர்மானித்தபோது, காரைத் திருத்துவதற்கு முன்பாகவே வாங்கியது இந்தக் கருவியைத்தான்.

தோள்களில் நுகம்போல் அமரும் இதனை ஆறு புள்ளி ஆசனப்பட்டியின் (ஆறு இடங்களில் காருடன் பிணைக்கப்படும் பட்டி) தோள்வார்கள் அழுத்திப் பிடிக்க, இதிலிருந்து செல்லும் வார்கள் தலைக்கவசத்தின் இருபுறமும் பூட்டிக்கொள்கின்றன. மோதலில் உடலைப் பட்டி நிறுத்திவிட, தலை மட்டும் முன்னே பாய்ந்து மண்டையோட்டின் அடிப்பகுதி முறிவதால் உயிரிழந்த ஓட்டுநர்கள் பலர்; அந்தப் பாய்ச்சலைத்தான் இக்கருவி கட்டுப்படுத்துகிறது. ஃபோர்முலா வன் பந்தயங்களில் இது 2003 முதல் கட்டாயம். பொழுதுபோக்காக ஓட்டுபவர்களிடையே இது இன்னும் விரும்பினால் மட்டும் அணியும் பொருளாகக் கருதப்படுவது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது.

காரின் வழக்கமான மூன்று புள்ளிப் பட்டியுடன் இதனை அணிய முடியாது. அடிபட்ட தலைக்கவசத்தின் உட்புற நுரை நசுங்கிவிடும் என்பதால் புதிய தலைக்கவசத்துக்கான செலவும் சேர்ந்தது. ஆசனத்தின் சாய்வுக்கேற்ற பாகையிலும் தெரிவு செய்ய வேண்டும்; பஞ்சிகாவத்தையில் பட்டியைப் பொருத்தித் தந்த தம்பி, என்னை ஆசனத்தில் அமரவைத்து அளந்து, 20 பாகை மாதிரியே பொருந்தும் என்றார்.

குறையும் உண்டு. முறிந்து கூடிய எலும்பின் முடிச்சில் விளிம்பு அழுந்தி, முதல் நாள் நான்காவது சுற்றிலேயே வலித்தது. தடித்த மெத்தையைப் பொருத்திய பிறகு அன்று மாலைவரை ஓட்டினேன்.