ஜெனீவாச் செயற்குழுவுக்கு முறைப்பாடு: வன்னிக் குடும்பங்களுக்கு எந்த அளவு உதவும்?

வலிந்து காணாமல் ஆக்கப்படுதல் தொடர்பான ஐ.நா. செயற்குழு 1980இல் தொடங்கியது. ஐந்து நிபுணர்கள், வருடத்துக்கு மூன்று அமர்வுகள். கட்டணம் கிடையாது, சட்டத்தரணி தேவையில்லை, உள்ளூர் நீதிமன்றத்தில் வழக்கு முடியும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. முல்லைத்தீவில் இருக்கும் ஒரு தாய் தன் பிள்ளையைப் பற்றி அரசாங்கத்திடம் ஐ.நா. மூலம் கேள்வி கேட்க இதைவிட இலகுவான வழி இல்லை.

இதே போன்ற பெயரில் ஒரு குழுவும் உண்டு. அது, வலிந்து காணாமல் ஆக்கப்படுவதிலிருந்து எல்லாரையும் பாதுகாப்பதற்கான 2006ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் கீழ் வருவது. இலங்கை 2016இல்தான் அந்த உடன்படிக்கையை ஏற்றது, அதற்குப் பிறகு தொடங்கிய சம்பவங்களை மட்டுமே அந்தக் குழு எடுக்கும். ஆகவே 2009 மே மாதம் போர் முடிந்தபோது முல்லைத்தீவு வட்டுவாகலில் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவரின் முறைப்பாட்டுப் படிவம் செயற்குழுவுக்கே போகவேண்டும். காணாமல் போய் மூன்று மாதத்துக்குள் என்றால் அவசர நடைமுறை, அதைத் தாண்டினால் சாதாரண நடைமுறை.

படிவத்தில் முழுப்பெயர், திகதி, கடைசியாகக் கண்ட இடம், கொண்டுபோனவர்கள் யார், எங்கெல்லாம் தேடினீர்கள் என்ற ஐந்தும் கட்டாயம். வேறொருவர் அனுப்பினால் குடும்பத்தின் சம்மதம் வேண்டும். தமிழ் ஐ.நா. மொழி இல்லை என்பதால் ஆங்கிலத்தில் நிரப்புவதே நல்லது. சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, பொலிஸ் முறைப்பாட்டில் மூன்றாவது என்று இருந்தால் அரசாங்கம் "அப்படி ஒருவர் பதிவில் இல்லை" என்று இலகுவாக எழுதிவிடும். அடையாள அட்டையில் உள்ளபடியே பெயரை எழுதி, மற்ற எழுத்துக்கூட்டல்களையும் பக்கத்தில் சேருங்கள். "கொண்டுபோனார்கள்" என்று மொட்டையாக எழுதினால் போதாது. அரசு அல்லது அரசின் ஆதரவு பெற்றவர்கள் என்று நினைக்கக் காரணம் என்ன, சீருடையா, வாகனமா, எந்தச் சோதனைச்சாவடி என்று சொல்லவேண்டும். செல்வீச்சில் பிரிந்துபோனவரைத் தேட சர்வதேச செஞ்சிலுவைக் குழுவே பொருத்தம்.

அடுத்தது முகவரி. இடம்பெயர்ந்தோருக்கான மெனிக் பாம் முகாமில் இருந்தபோது கொடுத்த முகவரியை மீள்குடியேறிய பிறகும் மாற்றாமல் விடுவது மிகவும் ஆபத்து. ஆள் என்ன ஆனார் என்பதைத் தெளிவாகக் காட்டும் பதில் என்று செயற்குழு கருதும் ஒன்றை அரசாங்கம் அனுப்பினால், அது முறைப்பாட்டாளருக்குத் தெரிவிக்கப்படும். ஆறு மாதத்துக்குள் நீங்கள் மறுக்காவிட்டால் விடயம் தெளிவாகிவிட்டது என்று கோப்பை முடிப்பார்கள். கடிதம் பழைய முகாமுக்குப் போனால் மறுக்க யார் இருப்பார்கள்? 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஆள் காணப்படவில்லை என்று வழங்கும் சான்றிதழை எடுத்தால் எல்லாம் முடிந்துவிடும் என்ற பயமும் பலருக்கு உண்டு. சான்றிதழ் எடுத்ததாலேயே கோப்பு மூடப்படாது. இனித் தொடர விரும்பவில்லை என்று குடும்பம் சுயவிருப்பில் தெளிவாகச் சொன்னால்தான் அந்தக் காரணத்துக்காக மூடலாம்.

செயற்குழு செய்யாததும் நிறைய. யாரையும் குற்றவாளி என்று தீர்ப்பளிக்காது, இழப்பீடு தராது, இராணுவ முகாமைத் திறந்து பார்க்காது. கேட்கும், பதில் வராவிட்டால் மறுபடி நினைவூட்டும்.

இதையும் "உள்நாட்டு விவகாரத்தில் தலையீடு" என்பவர்கள் உண்டு. ஒரு நாட்டின் உள் விவகாரங்களில் ஐ.நா. தலையிடக்கூடாது என்னும் ஐ.நா. சாசனத்தின் 2(7) உறுப்புரையைக் காட்டுவார்கள். ஆனால் குடியியல், அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையில் 1980இல் சேர்ந்தது இலங்கையேதான். 1991, 1992, 1999, 2015 ஆகிய ஆண்டுகளில் இதே செயற்குழு இலங்கைக்கு வந்தும் போயிருக்கிறது. தானே ஒப்பமிட்டதைப் பற்றிக் கேட்டால் இறைமை எப்படிப் பறிபோகும்? படை அனுப்பும் தலையீட்டின் கதை வேறு. 2005 உலக உச்சிமாநாடு மக்களைப் பாதுகாக்கும் பொறுப்பைப் பற்றிப் பேசியது, முடிவைப் பாதுகாப்புச் சபையிடம் விட்டது. ஆனால் வன்னிப் போரின்போது, 2008 செப்டெம்பரில், இலங்கை அரசு சொன்னதும் ஐ.நா.வின் வெளிநாட்டுப் பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டுப் போனார்கள். 2009இல் வன்னி பாதுகாப்புச் சபையின் முறையான நிகழ்ச்சிநிரலில்கூட ஏறவில்லை. 2011இல் லிபியாவுக்கோ படைபலத்தை அனுமதிக்கும் 1973ஆம் இலக்கத் தீர்மானம் அந்தச் சபையில் வந்தது, ஆட்சி கவிழ்ந்தது, நாடும் பிளந்தது. உரிமை எல்லாருக்கும் பொது என்றால், வல்லரசு தேர்ந்தெடுக்கும் தலையீட்டைவிட, பாதிக்கப்பட்டவரே தொடக்கிவைக்கும் இந்தத் தலையீட்டுக்கே நியாயம் அதிகம். அதன் பலவீனம் கேட்பதற்கு மேல் அதிகாரம் கொடுக்காததுதான். அதைக் கொடுக்கவேண்டியது நாடுகள்.

ஏற்கெனவே அனுப்பியவர்கள் கோப்பு இலக்கத்தையும் பிரதியையும் பேரப்பிள்ளைகளில் ஒருவரிடம் கொடுத்து, அவரது தொலைபேசி, மின்னஞ்சல், முகவரியைச் செயற்குழுவுக்கு எழுத்தில் அறிவியுங்கள். தேடிய தாய் தகப்பன் பலர் இப்போது உயிரோடு இல்லை. ஜெனீவாவிலிருந்து வரும் கடிதத்துக்கு ஆறு மாதத்துக்குள் பதில் எழுத அந்த வீட்டில் ஒருவர் வேண்டும்.