பென்சிலால் அடித்துத் தந்த அந்தமான் பயணம்

குன்னூரில் எங்களுக்கு வர்க்கிக் கடை. வர்க்கி என்பது எங்கள் மலையில் டீயோடு சாப்பிடும் மொறுமொறு பிஸ்கட். ஏப்ரல், மே மாதங்களில் ஊர் உலகமெல்லாம் மலையேறி வரும்போது நாங்கள் அடுப்பை விட்டு நகர முடியாது. எங்களுக்கு விடுமுறை என்பது பொங்கலை ஒட்டிய பத்து நாள்தான். அப்போது இங்கே பனிக்காலம். தலைக்குந்தா பக்கம் புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்கும். குன்னூரில் அந்த அளவுக்கு இல்லையென்றாலும் அம்மாவின் முட்டி அதைத் தவறாமல் சொல்லிவிடும். இந்த முறை வெயில் இருக்கும் இடத்துக்கு, கடல் இருக்கும் இடத்துக்குப் போய் ஓடாமல் இருந்துவிட்டு வருவது என்று முடிவு செய்தோம். அந்தமான் என்று சொன்னவள் மகள். ஏற்பாடு செய்து தந்தவர் குன்னூர் மவுண்ட் ரோட்டில் மருந்துக் கடைக்கு மேல்மாடியில் சிறிய பயண முகவர் அலுவலகம் வைத்திருக்கும் பெண்மணி. ஒரு மேசை, ஒரு கணினி, ஒரே ஆள். நாங்கள் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டோம். அவர் செய்து தந்த ஏற்பாட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் வெளியூர் நிறுவனம் ஒன்றிடம் கேட்டிருந்தோம். வண்ண அச்சில் ஒரு திட்டம் அனுப்பினார்கள். ஐந்து நாளில் பதினான்கு இடங்கள். விமானத்திலிருந்து இறங்கிய அன்றே மூன்று இடங்கள், மறுநாள் அதிகாலை மூன்று மணிக்குப் பாரடாங் தீவுக்குப் புறப்பாடு. அம்மாவுக்கு 62 வயது, பையனுக்கு ஏழு வயது என்று சொன்னேன். "எல்லோரும் இப்படித்தான் போய் வருகிறார்கள்" என்று பதில் வந்தது.

அந்தத் தாளைத்தான் அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதைப் படிப்பதற்கு முன் எங்களைப் பற்றிக் கேட்டார். மதியம் யார் தூங்குவார்கள்? யாருக்குப் படி ஏறுவது சிரமம்? யாருக்கு வண்டியில் வாந்தி வரும்? பையனுக்கு நீச்சல் தெரியுமா? எந்தெந்தக் கிழமை மீன் சாப்பிட மாட்டீர்கள்? எல்லாவற்றையும் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டு, பிறகு பென்சிலால் ஒவ்வொன்றாக அடிக்கத் தொடங்கினார். பதினான்கில் ஆறு மிஞ்சியது. விற்க வந்தவர் சரக்கைக் குறைத்து நான் பார்த்ததில்லை. என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்போதே பணத்தை இவரிடம்தான் கட்டப்போகிறோம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

முதலில் அடிபட்டது பாரடாங். சுண்ணாம்புக் குகையும் சேற்று எரிமலையும் பார்க்கத் தகுந்தவைதான், ஆனால் போகும் வழி ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக்காட்டுக்குள் போகிறது என்றார். ஜிர்க்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து வண்டிகளை வரிசையாக, காவலோடுதான் அனுப்புகிறார்கள். வழியில் நிறுத்தவோ அந்த மக்களைப் படம் எடுக்கவோ கூடாது, சட்டப்படி குற்றம். "அவர்கள் வீட்டு வாசல் வழியாகப் போய்த்தான் நாம் விடுமுறை கொண்டாட வேண்டுமா?" என்று கேட்டார். எங்கள் பக்கத்திலும் தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்துக்குள் கேட்காமல் நுழைந்து படமெடுப்பவர்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். அவர் சொன்னது எனக்கு உடனே விளங்கியது.

கடைசியில் நின்ற திட்டம் இது: போர்ட் பிளேயரில் ஓர் இரவு, ஹேவ்லாக்கில் இரண்டு, நீல் தீவில் மூன்று, திரும்பவும் போர்ட் பிளேயரில் ஒன்று. போகிறவர்கள் பெயர்களைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. ஹேவ்லாக்குக்கு ஸ்வராஜ் தீவு என்றும் நீலுக்கு ஷஹீத் தீவு என்றும் 2018-இல் பெயர் மாற்றினார்கள். போர்ட் பிளேயர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. பழைய பெயரும் புதிய பெயரும் கலந்து புழங்குவதால் குழம்பிவிடும். அக்கா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்.

கப்பல் பேச்சு வந்தபோது அம்மாவிடம் நேரிலேயே பேச வேண்டும் என்றார். அதற்குக் காரணம் இருந்தது. அம்மா பிறந்தது இலங்கையில், அட்டன் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். 1964-இல் போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் எங்கள் தாத்தா குடும்பமும் ஒன்று. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்து வேலைக்காக இந்த மலைக்கு வந்தார்கள். அம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. வழியெல்லாம் வாந்தி எடுத்து, தாத்தாவின் துண்டைப் பிடித்துக்கொண்டே வந்ததாகச் சொல்வார். அதற்குப் பிறகு அவர் கப்பலில் கால் வைத்ததில்லை. கடல்தான் வேண்டுமென்றால் இலங்கைக்கே போகலாமே என்று என் கணவர் ஒருமுறை கேட்டதற்கு, "அங்கே போனால் எனக்கு அது விடுமுறையாக இருக்காது" என்று மட்டும் சொன்னார்.

அக்கா அவரிடம் எதையும் மறைக்கவில்லை. போர்ட் பிளேயரிலிருந்து ஹேவ்லாக்குக்குத் தனியார் விரைவுக் கப்பலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ஜனவரியில் கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். இருந்தாலும் அலை அலைதான். அரசுக் கப்பலில் கட்டணம் குறைவு, திறந்த மேல்தளத்தில் காற்று வாங்கலாம். ஆனால் நேரம் கூடுதல், டிக்கெட் கிடைப்பதும் நிச்சயமில்லை. விரைவுக் கப்பலில் காலை நேரப் பயணமாக, கீழ்த்தளத்தில் நடுப்பகுதி இருக்கையாகப் பார்த்து எடுக்கிறேன், அங்கேதான் ஆட்டம் குறைவு என்றார். ஏறுவதற்கு அரை மணிக்கு முன் மாத்திரை, வயிற்றில் இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம், காலியாகவும் வேண்டாம், பார்வை தொடுவானத்தில் இருக்கட்டும். அம்மா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அன்று காலை கப்பலில் என் கையைப் பிடித்த பிடியை ஹேவ்லாக் துறை கண்ணில் படும்வரை விடவில்லை. வாந்தி வரவில்லை. இறங்கியதும் திரும்பி நின்று கப்பலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வழியையும் சொல்லிவிடுகிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி எக்ஸ்பிரசில் இரவு ஏறி, காலையில் சென்னை. அன்றே விமானம் பிடிக்கலாமா என்று கேட்டதற்கு அக்கா ஒரேயடியாக மறுத்துவிட்டார். ரயில் தாமதமானால் எல்லாமே சரிந்துவிடும். அதனால் ஒரு பகல் தங்கை வீட்டில் படுத்துக் கிடந்தோம். மறுநாள் காலை விமானம். இரண்டேகால் மணி நேரத்தில் இறங்கிவிட்டோம்.

அவர் சொல்லி எனக்குப் பெரிதும் உதவிய செய்தி ஒன்று உண்டு. குன்னூரும் போர்ட் பிளேயரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. நாம் 1,800 மீட்டர் உயரத்தில், அவர்கள் கடல் மட்டத்தில். தீவு கிழக்கே வெகு தூரம் தள்ளியிருந்தாலும் கடிகாரம் நம்முடையதுதான். ஆகவே நம் ஊரைவிட அங்கே ஒரு மணி நேரம் முன்பாகவே விடிந்து, ஒரு மணி நேரம் முன்பாகவே இருட்டிவிடும். பொங்கல் சமயத்தில் மாலை 5.15 மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடுகிறது. இதைத் தெரியாமல் நம் வழக்கப்படி ஐந்து மணிக்குக் காபி குடித்துவிட்டுக் கடற்கரைக்குப் போனால் இருட்டைத்தான் பார்க்க முடியும். ராதாநகர்க் கடற்கரைக்கு மூன்றரைக்கே போய்விட்டோம். வெண்மணல், அதற்குப் பின்னால் சுவர்போல உயர்ந்த மரங்கள். ஈட்டி மரமும் சில்வர் ஓக்கும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்த மரங்களின் பருமன் பெரிய வியப்பாக இருந்தது. அங்கே முதலை எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். காவலர்கள் குளிக்கச் சொல்லும் எல்லையைத் தாண்ட வேண்டாம். மகள் தாண்டப் பார்த்தாள், கூப்பிட்டுக்கொண்டோம்.

ஹேவ்லாக் அழகுதான், ஆனால் கூட்டமும் வாடகை வண்டியும் நம் ஊர் சீசனை நினைவூட்டின. நீல் தீவுதான் நாங்கள் தேடிப் போன விடுமுறை. சின்னத் தீவு. வாழைத்தோப்பும் கத்தரித் தோட்டமும் தென்னையும் சாலையின் இரு பக்கமும் வருகின்றன. அந்தமானுக்குக் காய்கறி விளைவித்துக் கொடுக்கும் தீவு அது. வங்காளத்திலிருந்து குடியேறியவர்களின் உழைப்பு. அம்மா முதல் நாள் காலையிலேயே ஒரு தோட்டத்து வேலிக்கு அருகில் நின்றுகொண்டு, மண்ணில் உரம் போதவில்லை என்று சைகையால் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தோட்டத்துப் பெண் சிரித்துக்கொண்டே இரண்டு வெள்ளரிக்காய் பறித்துக் கொடுத்தார். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியவில்லை. அரைமணி நேரம் பேசினார்கள்.

நீலுக்கு அக்கா கொடுத்த தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. நாங்கள் தங்கும் மூன்று நாளுக்கும் கடல் ஏறும் நேரம், வற்றும் நேரம் பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. இது எவ்வளவு பெரிய உதவி என்று அங்கே போனபிறகுதான் புரிந்தது. பரத்பூர்க் கடற்கரையில் நீர் ஏறியிருக்கும்போதுதான் குழந்தைகள் குளிக்க முடியும். வற்றிவிட்டால் பவளப்பாறை வெளியே தெரியும், காலைக் கிழித்துவிடும். லக்ஷ்மண்பூரில் இருக்கும் இயற்கைப் பாலத்துக்கோ கடல் வற்றியிருக்கும்போதுதான் பாறைகளின் மேல் நடந்து போக முடியும். எங்களோடு தங்கியிருந்த ஒரு குடும்பம் இரண்டு இடத்துக்கும் தவறான நேரத்தில் போய்த் திரும்பியது. மறுநாள் எங்கள் தாளைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள்.

பரத்பூரில் நீர் இடுப்பளவு, கண்ணாடிபோலத் தெளிவு. அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கணுக்கால்வரை வந்தார். மறுநாள் முழங்கால்வரை. மூன்றாம் நாள் உட்கார்ந்தேவிட்டார், நீருக்குள், பேரனின் தோளைப் பிடித்தபடி. வெதுவெதுப்பாக இருக்கிறது, முட்டி வலியே தெரியவில்லை என்றார். ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

பையனுக்குக் கடலுக்குள் மூழ்கிப் பார்க்க ஆசை. பத்து வயதுக்குக் கீழே ஸ்கூபாவுக்கு அனுமதிக்க மாட்டார்கள் என்று அக்கா குன்னூரிலேயே அவனிடம் சொல்லிவிட்டதால் அங்கே போய் அழவில்லை. அடியில் கண்ணாடி பதித்த படகில் போனோம். அவனுக்கு அதைவிடப் பிடித்தது கரையில் கிடைத்த ஒரு சங்கு. கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதே உள்ளிருந்து கால்கள் வெளியே வந்தன. முதலில் ஒரு சிவந்த கொடுக்கு, பிறகு இரண்டு கண்கள், கடுகு அளவு. சங்குக்குள் குடியிருக்கும் நண்டு. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான். அது அவன் உள்ளங்கையைக் குறுக்கே கடந்து விரல் நுனிவரை போயிற்று. மெல்லக் குனிந்து மணலில் இறக்கிவிட்டான். அங்கே சங்கும் பவளமும் எடுத்துவரத் தடை இருக்கிறது, விமான நிலையத்தில் பையைச் சோதிக்கிறார்கள். அந்தச் சட்டத்தை நான் அவனுக்கு விளக்க வேண்டிய தேவையே வரவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். நீல் விடுதியில் கீழ்த்தள அறை என்று உறுதி சொல்லியிருந்தும் மாடி அறையைக் கொடுத்தார்கள். அக்காவுக்குப் போன் செய்தோம். அரை மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் அந்த அரை மணி நேரம் அம்மா வெயிலில் உட்கார்ந்திருந்தார். இதை முன்கூட்டியே உறுதி செய்திருக்க வேண்டும். செலவுக் கணக்கில் தீவுக்குள் ஆட்டோ, வண்டிச் செலவை அவர் குறைத்துப் போட்டிருந்தார். எங்களுக்கு ஒன்பதாயிரம் கூடுதலாக ஆனது. வெள்ளிக்கிழமை சைவம் என்று குறித்துக்கொண்டவர், நீலில் சைவத்துக்கு என்ன கிடைக்கும் என்று விசாரித்திருக்கலாம். பருப்பும் சோறும் உருளைக்கிழங்கும்தான் திரும்பத் திரும்ப வந்தன. கடையிலிருந்து எடுத்துப்போன இரண்டு கிலோ வர்க்கியும் அம்மா மறக்காமல் பையில் வைத்த தேயிலைத் தூளும் எங்களைக் காப்பாற்றின. விடுதிக்காரரும் நான்காவது தடவை எங்கள் டீயைத்தான் கேட்டு வாங்கிக் குடித்தார்.

போர்ட் பிளேயரில் செல்லுலார் சிறைக்கு மட்டும் போனோம். 1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடித்த சிறை. ஏழு கிளைகளில் இன்று மூன்றுதான் நிற்கின்றன. ஒவ்வோர் அறையும் அடுத்த கிளையின் முதுகைப் பார்த்தபடி இருக்கிறது, ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பதற்காக. மகள் ஓர் அறைக்குள் தனியாகப் போய் நின்றுவிட்டு வந்தாள், அன்று மாலை அதிகம் பேசவில்லை. அம்மாவுக்காக வெற்றிமலை முருகன் கோயிலுக்கும் போனோம். அந்த ஊரில் தமிழ் பேசுபவர்கள் நிறைய. எங்கள் வண்டி ஓட்டுநரும் தமிழர்தான்.

ஐந்து பேருக்கு எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து எழுபத்தோராயிரம் ஆனது. அதில் அக்காவின் கட்டணம் நான்காயிரம். செப்டம்பரிலேயே விமான டிக்கெட் எடுக்க வைத்ததில் அதற்கு மேலேயே மிச்சமாயிற்று. நீலுக்குக் கையில் ரொக்கம் கொண்டுபோங்கள். வெயிலுக்குப் பருத்தித் துணி மட்டும் போதும். ஸ்வெட்டர்களைத் தனிப் பையில் போட்டுக் கட்டி வையுங்கள். திரும்பி வரும்போது மலைப்பாதையில் பர்லியார் தாண்டியதுமே தேவைப்படும்.

அலுவலகம் ஞாயிறு விடுமுறை, மற்ற நாட்களில் காலை பத்து மணிக்குத் திறக்கிறார். மாடிப்படி செங்குத்து, கைப்பிடியும் ஒரு பக்கம்தான். முட்டி வலி உள்ளவர்கள் ஏற வேண்டாம். கீழே மருந்துக் கடையில் சொன்னால் அவரே இறங்கி வருகிறார். கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பேசலாம். அம்மாவிடம் அங்கேதான் பேசினார், முக்கால் மணி நேரம்.