பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சிக்குப் போக நினைப்பவர்களுக்கு

இலங்கை மலைநாட்டின் தேசியப் பூங்காவான ஹோர்ட்டன் சமவெளி என்றதும் கனடாவில் இருக்கும் நம்மவர்கள் எல்லாரும் அங்குள்ள ‘உலக முடிவு’ என்ற மலைவிளிம்பைப் பற்றித்தான் சொல்வார்கள். ஏறத்தாழ 870 மீட்டர் செங்குத்தாக இறங்கும் அந்தப் பள்ளத்தைக் காலை ஒன்பது, பத்து மணிக்குள் பார்த்தால் உண்டு. அதற்குப் பிறகு பெரும்பாலும் மூட்டம் மேலேறி எல்லாவற்றையும் மறைத்துவிடும். முழங்கால் வலிக்காரியான சின்னம்மாவையும், விடியுமுன் எழும்பவே எழும்பாத பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு மூட்டத்தோடு போட்டி போட எனக்கு மனமில்லை. ஆகவே அதே பூங்காவில் இருக்கும் பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சி மட்டும் போதும் என்று முடிவு செய்தோம். மூட்டம் வந்தால் அருவிக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

வான் வண்டிக்குக் கொழும்பிலேயே பேசிக்கொண்டு போவது வீண் செலவு. வெளிநாட்டுத் தொலைபேசி எண்ணைக் கண்டதுமே அங்கே ஒருவர் தொகையை ஏற்றிவிட்டார். நானுஓயா வரை ரயிலில் போய், நுவரெலியாவில் இறங்கி விசாரித்தபோது பாதித் தொகைக்கு வான் கிடைத்தது. சாரதி தேயிலைத் தோட்டத்துப் பையன், பொறுமைசாலி. அம்பேவெல, பட்டிப்பொல வழியாகப் பூங்காவுக்கு ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். வளைவுகள் அதிகம் என்பதால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். “அக்கா, விடுதியில் கட்டித் தரும் சாப்பாட்டை இப்போதே பிரித்துப் பாருங்கள், வாசலில் பொலித்தீனை விடமாட்டார்கள்” என்று புறப்படும்போதே சொன்னார். பிரித்தோம். பாண், முட்டை, வாழைப்பழம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உறை. அதற்கு மேல் லஞ்ச் ஷீட் என்கிற ஒரு பொலித்தீன் தாள். பூங்காவுக்குப் போகிறவர்களுக்கென்றே காலைச் சாப்பாடு கட்டித் தந்து காசும் வாங்குகிற விடுதிக்கு இந்த விதி தெரியாமல் இருக்குமா? சாரதியே எங்கிருந்தோ ஒரு பழைய எவர்சில்வர் டப்பாவைத் தேடிக்கொண்டு வந்தார்.

அவர் சொன்னபடியே வாசலில் பைகளைத் திறந்து பார்த்தார்கள். வனஜீவராசிகள் உத்தியோகத்தர் ஒருவர் எங்கள் தண்ணீர்ப் போத்தல்களை வாங்கி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் பட்டியை நகத்தால் கீறி ஒரே இழுப்பில் உரித்துப் பெட்டியில் போட்டார். சின்னவளின் பிஸ்கட்டுகளும் உறையிலிருந்து காகிதப் பைக்கு மாறின. அவள் முகம் சுருங்கியது. எனக்கோ மனதுக்குள் நிம்மதி. அங்கே மரை மான்கள் வாகனத் தரிப்பிடம் வரைக்கும் வந்து நிற்கின்றன. பொலித்தீன் அவற்றின் வயிற்றுக்குள் போனால் அதோடு சரி.

பணம்தான் புலம்பெயர்ந்தவர்களை உறுத்தும் விஷயம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கும் உள்ளூர் அடையாள அட்டைக்குமான கட்டணங்களுக்கிடையே மலைக்கும் மடுவுக்குமான தூரம். ஆள் கட்டணத்தின் மேல் சேவைக் கட்டணம், வாகனக் கட்டணம், பெறுமதி சேர் வரி என்று ஒவ்வொன்றாக ஏறும். சின்னம்மா தன் அடையாள அட்டையை நீட்டிவிட்டுப் பேசாமல் நகர்ந்தார். எங்கள் பங்கைக் கூட்டிப் பார்த்தபோது அவருக்கே நெஞ்சு பதறியது. “இந்த ஊரில் பிறந்த பிள்ளைக்கு இவ்வளவா?” என்று கேட்டார். தெரிந்து வந்த செலவுதான். காடு பராமரிக்கக் காசு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. இரட்டைக் குடியுரிமை எடுத்தவர்கள் தேசிய அடையாள அட்டையை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள்.

நடைபாதை ஃபார் இன் என்ற பார்வையாளர் நிலையத்தின் அருகே தொடங்குகிறது. முழுச் சுற்று ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோமீட்டர். பாதை பிரியும் இடத்தில் கூட்டம் முழுவதும் இடப்பக்கம் உலக முடிவை நோக்கி ஓடும். நாங்கள் வலப்பக்கம் திரும்பினோம். அருவியைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பினால் முழுச் சுற்றைவிடக் குறைவுதான். காலை நேரத்தில் அந்தப் பக்கம் ஆளே இல்லை. புல்வெளியில் பனி காய்ந்திருக்கவில்லை, சப்பாத்து நனைந்துவிட்டது.

அருவிக்கு இறங்கும் கடைசித் துண்டுதான் சிரமம். செங்குத்தான இறக்கம், வழுக்கும் வேர்கள். சின்னம்மா பக்கவாட்டாகத் திரும்பி, ஒவ்வொரு படிக்கும் முருகனைக் கூப்பிட்டபடி இறங்கினார். பெலிஹுல் ஓயா என்னும் ஆறு அங்கே ஏறத்தாழ இருபது மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. இலங்கையின் பெரிய அருவிகளோடு பார்த்தால் உயரம் சொற்பம். ஆனால் கரும்பாறையில் தண்ணீர் இழை இழையாகப் பிரிந்து, கீழே வந்ததும் திரும்பவும் ஒன்றாகக் கூடுகிறது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. குளிக்க அனுமதி இல்லை. அந்தக் குளிரில் கேட்கவும் யாரும் இல்லை. பேக்கர் என்பவர் நுவரெலியாவில் பண்ணை வைத்திருந்த ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கர். பிறகு நைல் நதியின் மூலத்தைத் தேடி ஆப்பிரிக்காவுக்குப் போனவர். இந்த அருவிக்கு அதற்கு முன் ஊரார் வைத்த பெயர் ஏதாவது இருந்திருக்காதா என்று சின்னம்மா கேட்டார். நல்ல கேள்வி.

போகிறவர்கள் ஜனவரி முதல் மார்ச் வரை போங்கள். மழை குறைவு, குளிர் கடுமை. ஏப்ரலில் நுவரெலியாவில் சீசன், வானும் அறையும் யானை விலை. மலசலகூடம் வேண்டுமானால் ஃபார் இன்னிலேயே போய்விடுங்கள், நடைபாதையில் கிடையாது. திரும்பும்போது பட்டிப்பொல நிலையத்தில் வானை நிறுத்தச் சொன்னோம். கடல் மட்டத்திலிருந்து 1,890 மீட்டருக்கு மேல், நாட்டிலேயே உயரமான ரயில் நிலையம். சாரதியின் டப்பாவில் மிஞ்சியிருந்த பாணை அங்கே இருந்துதான் சாப்பிட்டு முடித்தோம்.