சிங்கப்பூரிலிருந்து மதுரை வழக்கைப் பார்க்க: இ-கோர்ட்ஸ் செயலி

அப்பா விட்டுப்போன வீட்டுக்கான பாகப்பிரிவினை வழக்கு மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் நடக்கிறது. நான் சிங்கப்பூரில். முன்பெல்லாம் மாதம் ஒருமுறை வக்கீல் அண்ணனுக்கு போன் போட்டு, "அடுத்த வாய்தா எப்போண்ணா?" என்று கேட்பேன். அந்தக் கேள்வியே இப்போது இல்லை.

இ-கோர்ட்ஸ் சர்வீசஸ் செயலி இலவசம். ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 16 இடம் கொண்ட சி.என்.ஆர். எண் என்ற தனி அடையாள எண் இருக்கும். அதை ஒருமுறை போட்டு 'மை கேசஸ்' பகுதியில் சேமித்துவிட்டால் போதும். அடுத்த வாய்தா தேதி, அன்று என்ன நடக்கப்போகிறது, முந்தைய வாய்தாக்களில் என்ன ஆனது, எல்லாம் தெரியும். எம்.ஆர்.டி. ரயிலில் போகும்போதே பார்த்துவிடுவேன்.

அப்புறம் வக்கீல் எதற்கு? தம்பி பெயருக்கு நான் பவர் பத்திரம் எழுதியபோது புரிந்தது. இங்கே இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கினால் மட்டும் போதாது, அந்தப் பத்திரம் ஊருக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத்தாள் கட்டணமும் கட்ட வேண்டும் என்று சொன்னது வக்கீல் அண்ணன்தான். செயலி தேதியைச் சொல்லும், இதைச் சொல்லாது. இப்போது எங்கள் பேச்சு முழுக்க சமரசத்துக்குப் போகலாமா, சாட்சியாக யாரை அழைக்கலாம் என்பதைப் பற்றித்தான். வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்தச் செயலியைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். வக்கீலிடம் முதலில் சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.